பாதியின் தகடு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் முட்டி வழக்கம்போல ரயில் படிக்கட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

பாதி போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. நான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். நான்கு தடவையும் ‘ம்’ கொட்டினாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் யாராலும் ‘ம்’ கொட்ட முடியாது.

ஊரெல்லாம் என்னை அழச் சொல்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. உங்கள் சோப்புத் தொழிற்சாலை அவன் பெண்டாட்டிக்கு அனுப்பிய கடிதத்தை அவள் நகல் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ‘தொட்டியில் இறங்குமுன் தமது எண் தகட்டை ஸ்விட்சில் மாட்டத் தவறிய அன்னாரின் சொந்த அலட்சியத்தால் இவ்விபத்து நேர்ந்தது.’ அன்னாராம். உயிரோடு இருந்தவரை ஒருவனும் அவனை அன்னார் என்று கூப்பிட்டதில்லை. செத்ததும் மரியாதை கொடுத்து, அதே வரியில் பழியையும் போட்டுவிட்டார்கள்.

பத்து வருஷம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவன் எதில் அலட்சியம், எதில் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ அன்று அதே ஷிப்டில் இருந்தாய். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். பிள்ளைக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. உன் முட்டியை டாக்டரிடம் காட்டினாயா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கேட்கும் என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை மழை விடுவதாக இல்லை. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். ஒரு நிறச் சோப்பு முடிந்து அடுத்த நிறம் ஓட்டுவதற்கு முன்னால், கலவைத் தொட்டிக்குள் ஒட்டியிருப்பதை ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவர் தன் எண் எழுதிய தகரத் தகட்டை ஸ்விட்ச் பிடியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். தகடு தொங்கும்வரை யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. மாட்டியவரேதான் எடுக்க வேண்டும். இதுதான் விதி. பாதி அண்ணனின் அறுபத்திரண்டாம் எண் தகடு அவர் லாக்கரில் இருந்தது. விசாரணையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். மேனேஜரே மலர்வளையம் வைத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளையின் இருமல் நின்றதில் சந்தோஷம். ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை.

இருபது வருஷமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறேன். டிக்கெட் எடுக்காதவன் நான் கேட்பதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடுவான். மழையைப் பற்றிப் பேசுவான், வண்டி தாமதத்தைப் பற்றிப் பேசுவான், என் உடம்பைப் பற்றிக்கூட அக்கறையாக விசாரிப்பான். உன் கடிதத்தில் மழை இருக்கிறது, சுவர் இருக்கிறது, என் முட்டி இருக்கிறது. அன்று நீ எங்கே நின்றாய் என்பது மட்டும் இல்லை. கம்பெனிக்குப் பயப்படுகிறாய், புரிகிறது. என்னிடம் என்ன பயம்?

அவனுக்குப் பாதி என்று ஏன் பெயர் வந்தது என்று நினைத்துப் பார். எதையும் முடிக்க மாட்டான். உனக்கு முடி வெட்டுகிறேன் என்று உட்கார்த்தி வைத்து, ஒரு பக்கம் வெட்டிவிட்டு விளையாடப் போனவன் அவன். நீ ஒரு வாரம் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாய். மணி அடிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்த வருஷத்தை மறந்திருக்க மாட்டாய். வகுப்பு ஆரம்பிக்கும் மணியை டாண் என்று அடிப்பான். முடியும் மணியை மறந்துவிடுவான். பள்ளிக்கூடமே பசியோடு உட்கார்ந்திருக்கும். தலைமையாசிரியர் பிரம்பை எடுக்கும் முன் ஓடிப்போய் அடித்துவிட்டு வா என்று நான் உன்னைத்தான் விரட்டுவேன். நீ ஓடுவாய்.

இப்போது சொல். அப்படிப்பட்டவன் எதை மறப்பான்? வேலை முடிந்து தகட்டை எடுக்க மறப்பான். நூறு தடவை மறப்பான். இறங்கும்போது மாட்ட மறக்கவே மாட்டான். ஆரம்பத்தைக் கோட்டைவிடுகிறவன் இல்லை அவன். தகடு லாக்கரில் இருந்தது என்றால் வேறு எவனோ எடுத்து அங்கே போட்டிருக்கிறான். உள்ளே ஆள் இருக்கும்போது எடுத்திருக்கிறான்.

அந்த ஆளைக் கண்டுபிடி. அவன் இன்றைக்கும் உங்கள் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். உனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்காமல் போகட்டும். நான் யாரையும் இப்படிச் சபித்ததில்லை. வயிறு எரிந்து சொல்கிறேன்.

உடனே எழுது.
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

விசாரணை முடிந்துவிட்டது. பேப்பரை மூடிவிட்டார்கள். இனி கிளறி என்ன ஆகப்போகிறது? போனவர் திரும்பி வரப்போவதில்லை. அண்ணிக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கும் என்னால் முடிந்ததைப் பார்த்துக்கொள்கிறேன்.

என்னை மெஷினிலிருந்து மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய். இருங்கள்.

என்ன வகுப்பு என்று நீ எழுதவில்லை. உன் அண்ணி எழுதியிருக்கிறாள். அவனுடைய லாக்கரிலிருந்து சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவரத் தொழிற்சாலைக்குப் போனாளாம். கேன்டீன் சுவரில் அவன் படத்தைப் பெரிதாக ஒட்டி, ‘இவர் தகடு மாட்ட மறந்தார். நீங்களும் மறக்கப் போகிறீர்களா?’ என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அவர்கள் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற அவளை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு ஆள் நின்று பாடம் நடத்துவதை அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். “இவரு ஒரு நிமிஷம் சோம்பல் பட்டாரு, அவ்வளவுதான். தகட்டை மாட்டியிருந்தா இன்னிக்கு உங்களோட உக்காந்திருப்பாரு.” அது உன் குரல்.

உன் வாய் கூசவில்லையா?

அவள் உன்மேல் கோபப்படவில்லை. “தம்பி பாவம், மேல இருக்கிறவங்க சொல்றதச் சொல்றாரு” என்றுதான் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போகிறாயாம். எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வராமல் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாயாம். அவன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘மறதிக்காரன் மகள்’ என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாரில் பாதிப்பேர் உன் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

ஏன் உள்ளே போகவில்லை? ஏன் வாசலோடு திரும்புகிறாய்? பூசி மெழுகாமல் எழுது. எழுத முடியாது என்றால் இனி எனக்கு எழுதவே வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. ஆறு காகிதம் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

நான்தான் எடுத்தேன்.

தகடு எடுக்க மறந்தவனை எங்கள் ஃபோர்மேன் மறுநாள் உள்ளே விடமாட்டார். கேட்டுக்கு வெளியே எல்லோர் பார்வையிலும் நிற்க வைப்பார். பாதி அண்ணனை அப்படி இரண்டு தடவை நிற்க வைத்தார். அதற்கப்புறம் நான் நிற்க விடவில்லை. அவர் மேலே ஏறி டீ குடிக்கப் போயிருப்பார், தகடு தொங்கிக்கொண்டே இருக்கும். நான் எடுத்து அவர் லாக்கர் இடுக்கு வழியாகப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டுவேன். ஒன்பது வருஷம் இப்படி. “எனக்கு நீதான்டா மணி அடிக்கணும்” என்று சிரிப்பார். ஃபோர்மேன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லமாட்டார். மெஷின் நிற்காமல் ஓடினால் அவருக்குப் போதும். தகட்டோடு ஒரு பூட்டும் இருந்தது. நேரம் இழுக்கிறது என்று அதை அவர்தான் எடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு நேரம் ஆகிவிட்டது. அவருடைய சுரண்டி சுவரில் சாய்ந்திருந்தது. மேலே வந்துவிட்டார், வழக்கம்போல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அன்று புதுச் சுரண்டி வாங்கிக்கொண்டு இறங்கியது எனக்குத் தெரியாது. தகட்டை லாக்கரில் போட்டேன். ஸ்விட்சைப் போட்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தகடு லாக்கர்ல இருக்கு. அப்ப அவன் மாட்டவே இல்ல. நீ ஏதாவது தொங்குறதப் பார்த்தியா?” என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். “கவனிக்கல சார்” என்றேன். எழுதி வைத்திருந்ததில் கையெழுத்துப் போட்டேன். மறு வாரமே இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

அவர் மறதிக்காரர், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்று என்னை அங்கே சேர்த்துவிட்டபோது நீதான் சொன்னாய். பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன், அக்கா.

நீ சபித்தபடியே நடக்கிறது. சோறு இறங்கவில்லை.

படித்ததும் இதை எரித்துவிடு.
தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரமாக இந்தப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உன்னை அவனுக்காக ஓடவிட்டது நான்தான். பார்த்துக்கொள் என்றதும் நான்தான். அதற்காக இதை என் தலையில் கட்டாதே. மணி அடித்து யாரும் சாகவில்லை. ஒரு மனிதன் உள்ளே இருக்கிறானா என்று எட்டிப் பார்க்க வேண்டாம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியும், எடுத்தது தப்பு என்று விடலாம். பிரியத்தில் செய்து பழகியது, ஒரு நாள் பிசகிவிட்டது. அதற்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழ எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு செய்தது? வாரத்துக்கு இரண்டு வகுப்பு. அவன் படத்துக்குக் கீழே நின்று, நீ எடுத்த தகட்டை அவன் மாட்டவே இல்லை என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாய். உயிரோடு இருந்தவரை அவனைக் கேட்டில் நிற்க விடாமல் காப்பாற்றினாய். அவனைச் செத்த பிறகு சுவரில் நிற்க வைத்துவிட்டாயே.

தொண்டையில் இறங்கக்கூடாது என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். என் தம்பி ஆயிற்றே என்று யோசித்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஃபோர்மேனையும் நான் விடப்போவதில்லை. பூட்டை எடுக்கச் சொன்னவன் அவன். நடந்தது தெரிந்தே உன் வாயில் வார்த்தையை வைத்தவனும் அவன். ஆனால் நீ வாயைத் திறந்தால்தான் அவனைப் பிடிக்க முடியும். அதனால் முதலில் நீ.

பதினைந்து நாள் தருகிறேன். அண்ணியிடம் போய்ச் சொல். மேனேஜரிடம் எழுதிக் கொடு. படத்தை இறக்கு.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன். இந்த மாதம் பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். உன் தம்பி பெண்டாட்டிக்கு இன்னும் எதுவும் தெரியாது. மேனேஜரிடம் சும்மா பேச்சை எடுத்துப் பார்த்தேன். “கையெழுத்துப் போட்டது நீ. இப்ப மாத்திச் சொன்னா பொய் சொன்னவனும் நீதான். ஜெயிலுக்குப் போகணும்னு ஆசையா?” என்றார்.

உனக்கென்ன, தூரத்தில் இருந்துகொண்டு எழுதிவிடுகிறாய். காலையில் அந்த கேட்டுக்குள் நுழைகிறவன் நான். அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியவனும் நான். கொஞ்சம் ஆறட்டும். அவர்களும் இப்போதுதான் பழகிக்கொண்டு வருகிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே.
தம்பி


மே 20

தம்பிக்கு,

நலம் விசாரித்தாயே, அதற்கு நன்றி.

‘பழகிக்கொண்டு வருகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். எதற்குப் பழகுகிறார்கள்? அவன் இல்லை என்பதற்கு அவர்கள் பழகித்தான் ஆக வேண்டும். அவன் தன் அலட்சியத்தால் செத்தான் என்பதற்கும் அந்தப் பெண் பழகிக்கொள்ள வேண்டுமா? நீ ஆற வைப்பது சூட்டை இல்லை, பொய்யை.

உன் ஏப்ரல் 9 கடிதத்தை நான் எரிக்கவில்லை. அது இப்போது என்னிடமும் இல்லை. இன்று காலை உங்கள் வட்டாரத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் அக்காவாகிவிட்டிருப்பேன்.

அது திங்கட்கிழமை அவர் மேசைக்குப் போய்ச் சேரும். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வெள்ளிக்கிழமையே உன் கைக்கு வந்துவிடும். நடுவில் சனி இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது. அண்ணி இதை ஒரு அதிகாரியின் வாயிலிருந்து கேட்கக்கூடாது. உன் வாயிலிருந்து கேட்கட்டும்.

வக்கீல் வைப்பதற்கு நான் இருக்கிறேன். லீவு போட்டுவிட்டேன். எந்தக் கோர்ட்டானாலும் உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும், அதற்காக.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலை விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், அது சுலபம். நேற்று ஆய்வாளர் இரண்டு பேரோடு வந்தார். தகடு, லாக்கர், பூட்டு எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஃபோர்மேன் தனக்கு எதுவும் தெரியாது என்றார். ஸ்டோரில் வேலை பார்க்கிறவர், கழற்றின பூட்டுகளை ஒரு டப்பாவோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் கொண்டுவந்தார். எங்கள் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படத்தை இன்று காலை இறக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வருவாய் என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் உனக்குப் படுக்கை எடுத்துப் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்காமல் போனேன். அண்ணி தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். “உள்ள வாங்க தம்பி, எப்பப் பார்த்தாலும் வாசல்லயே நிக்கிறீங்க” என்றார்கள். உள்ளே போனேன். உட்காரவில்லை. சொன்னேன்.

மெஷின் நின்றது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்கள். பிறகு, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்கள்.

“அண்ணன் தகடு மாட்டியிருந்தாரு, அண்ணி. நான்தான் எடுத்தேன்.”

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். உள்ளே திரும்பிப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். “இவகிட்டயும் சொல்லுங்க. அஞ்சு மாசமா மறதிக்காரன் மகள்னு பேர் வாங்கிட்டு வர்றா. நீங்களே சொல்லுங்க.”

பத்து வயசுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன்.

“அப்ப அப்பா மறக்கலையா, சித்தப்பா?”

“மறக்கலம்மா.”

“நீங்க அதை எடுக்கும்போது அப்பாவ ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்.

“கூப்பிட்டிருந்தா, இருக்கேன்னு சொல்லியிருப்பாரு.”

இனிமேல் இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று அண்ணி சொன்னார்கள். வந்துவிட்டேன்.

நான் கூப்பிடவில்லை, அக்கா.

தம்பி